அம்மா விழவில்லை

அம்மாவுக்காக அச்சிடப்படும் இரண்டாவது மலர் இது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் உங்கள் கைகளுக்கு வந்த முதலாவது மலரைத் தொகுத்தவர் பெரியமாமா, அதாவது அம்மாவின் மூத்த அண்ணன். பளபளக்கும் அட்டை, தேவார திருவாசகம், நல்ல கடதாசி, எல்லாம் சரி. ஆனால் அம்மா எப்படி இறந்தார் என்று அதில் எழுதப்பட்டிருந்த ஒரே வசனம் பொய். இன்று ஒரு வருடம் முடிந்து ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் முன்னால் அதைத் திருத்துவது மகளாகிய என் கடமை. வாசிக்கும்போது சிலருக்கு மனம் நோகும். நோகட்டும்.

அம்மா உரும்பிராயில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கும் ரியூஷனுக்கும் சைக்கிளில்தான் போய்வந்தார். அங்கே எல்லாப் பெண்பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தாளராகப் படித்துத் தேறி, அப்பாவைக் கைப்பிடித்து, இரண்டு இடப்பெயர்வுகளுக்குப் பிறகு அண்ணாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் வீடு. அம்மாவுக்குக் காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுவதும் நின்றபடி. அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. அண்ணா படித்து முடித்துக் கனடாவுக்குப் போனார்.

அம்மாவின் நாற்பத்தொன்பதாவது வயதில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. எட்டு வருடம் படுக்கை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். துடைக்க வேண்டும், கஞ்சி பருக்க வேண்டும். பகலில் ஒரு பெண்மணி உதவிக்கு வந்தார். மிகுதி எல்லாம் அம்மா. கடை, வீடு, கட்டில், கடை, வீடு, கட்டில்.

இரண்டாம் வருடத்தில் அம்மா வேறொருவராக மாறிப்போனார். அரிசியில் கல் இருந்தால் கத்துவார். தொலைபேசி அடித்தால் கத்துவார். ஒருநாள் அப்பா கஞ்சியைத் துப்பியபோது கோப்பையைச் சுவரில் எறிந்தார். கோப்பை உடைந்தது. அப்பா சத்தமில்லாமல் அழுதார். அம்மா நிலத்தில் இருந்து அழுதார். இதை அம்மாவே பிறகு குடும்ப வைத்தியரிடம் சொன்னார். அவர் பிரஷர் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்:

“இப்பிடியே போனால் அவருக்கு முதல் நீங்கள் போயிடுவியள். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் வெளியிலை போங்கோ. கடைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. சும்மா உடம்பை அசைக்கப் போங்கோ.”

முதலில் கடற்கரையோரம் நடந்தார். முழங்கால் வீங்கியது. அதன் பிறகுதான் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கினார். முப்பது வருடத்துக்குப் பின் ஏறியவர், எங்கள் ஒழுங்கை முடியும்வரை ஆடி ஆடிப் போனார். கடலோர மரைன் டிரைவுக்குத் திரும்பியபோது நேராகப் போனார். நான் நாலாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடிய ஐந்தரைக்குப் போய் ஆறரைக்கு வருவார். அந்த ஒரு மணித்தியாலம் அப்பாவின் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். நான் நல்ல மனத்தோடு இருந்தேன் என்று இங்கே எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நித்திரை பெரிதாக இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா வேர்வை வழிய, பசியோடு திரும்பி வருவார். அப்பாவின் கட்டில் விளிம்பில் இருந்து, “இண்டைக்குக் கடல் நல்ல கறுப்பு. கரைக்குக் கிட்ட மூண்டு வள்ளம் நிண்டது” என்று சொல்லுவார். அப்பா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் மழை பெய்ததால் அம்மா போகாமல் நின்றார். மழை விட்டதும் அப்பா இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். அம்மா போனார்.

கோப்பை எறிவது நின்றது. ஒரு வருடத்தில் பிரஷரும் இறங்கியது. இரண்டு மருந்தில் ஒன்றை வைத்தியர் நிறுத்தினார்.

உங்களில் பலருக்குத் தெரிந்தது இதில் சைக்கிள் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியமாமா இன்னும் நான்கு உறவினர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நான்கு பேரும் இந்த மலரை வாசிப்பார்கள், அதனால் பெயர் தேவையில்லை. அப்பாவின் அறைக்குள் ஒருவரும் போகவில்லை. முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

மாமா சொன்னார்: “புருஷன் படுக்கையிலை கிடக்க, நீ காற்சட்டையும் போட்டுக்கொண்டு சைக்கிளிலை ஊர் சுத்துறியாம். எங்கடை ஆக்கள் பார்த்தால் என்ன நினைப்பினம்?”

அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கியபடி பதில் சொன்னார்: “ஓம் அண்ணை, ஒரு மணித்தியாலம் போறனான். மிச்சம் இருபத்திமூண்டு மணித்தியாலம் கிடக்கு. நீங்கள் அஞ்சு பேரும் பிரிச்சு எடுங்கோ. அவரைத் தூக்கிப் புரட்ட ஆள் காணாது.”

மாமா எழும்பிவிட்டார். மற்றவர்களும் எழும்பினார்கள். அதற்குப் பிறகு அப்பா இறக்கும்வரை, நான்கு வருடம், அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அப்பாவை ஒருமுறையாவது தூக்கிப் புரட்டவில்லை. ஆனால் கலியாண வீடுகளிலும் கோயில் வாசலிலும் அம்மாவின் காற்சட்டையைப் பற்றிக் கதைக்க நேரம் கிடைத்தது.

அப்பா காலமானார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. முப்பத்திரண்டாம் நாள் காலை அம்மா சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் எனக்கு ஆறு தொலைபேசி அழைப்புகள் வந்தன. “கொம்மாவுக்கு என்ன விசரோ?” என்று ஒரு சித்தி கேட்டார். அம்மா எட்டு வருடம் பட்ட களைப்பைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

கடற்கரை வீதியில்தான் ஷரீனா அன்ரி பழக்கமானார். தெமட்டகொடையில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அவரும் வைத்தியர் சொல்லி, சீனி வருத்தம் என்ற நீரிழிவுக்காகச் சைக்கிள் ஓடத் தொடங்கியவர். அவரோடு இன்னும் இரண்டு சிங்களப் பெண்கள். ஞாயிறுகளில் நான்கு பேரும் காலிமுகத்திடலில் சந்தித்து, கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனைவரை போவார்கள். அங்கே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு, பால் விடாத பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அம்மா அந்த வயதில் புதிதாகச் சிநேகிதம் பிடித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடும் பழக்கத்தை விட்டார். வேலையையும் விடவில்லை, கோயிலையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. முன்பு ஒன்றுக்கும் இருக்கவில்லை.

பெற்றோல் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். பெரியமாமாவின் கார் தரிப்பிடத்தில் தூசி பிடித்துக் கிடந்தது. மாமிக்கு வலிப்பு மருந்து முடிந்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் இல்லை. மாமா அம்மாவுக்கு அழைப்பு எடுத்தார். அம்மா சைக்கிளில் வெள்ளவத்தையிலிருந்து மருதானைவரை ஏழு மருந்துக்கடை ஏறி இறங்கி, வெயிலில் கறுத்து வந்து, மருந்தை மாமியின் கையில் கொடுத்தார். அந்த மருந்தை வாங்கும்போது சைக்கிள் ஒருவருக்கும் கேவலமாக இருக்கவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலை ஏழு மணியளவில், கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பி வரும்போது, சாமான் ஏற்றும் வேன் ஒன்று பின்னால் வந்து அம்மாவை அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. எனக்குச் செய்தி வந்து நான் ஓடிப்போனபோது பெரியமாமா அங்கே நின்றார். “நீ ஒண்டும் கதையாதை, நான் பாக்கிறன்” என்றார்.

மரண விசாரணை அதிகாரி, அம்மாவுக்கு ஏதாவது நோய் வருத்தம் இருந்ததா என்று கேட்டார். மாமா சிங்களத்தில் சொன்னார்: கொஞ்ச நாளாகத் தலைச்சுற்று இருந்தது, வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, தலைசுற்றி வேனுக்குள் விழுந்திருப்பார். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்படியா மகள்?” என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

அம்மாவுக்குத் தலைச்சுற்று இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். அப்படிச் சொன்னால் பிரேதத்தைக் கெதியாக எடுக்கலாம் என்று மாமா காதுக்குள் சொல்லியிருந்தார். எடுத்தோம். செத்தவீட்டில் உங்களில் எத்தனை பேர் என் கையைப் பிடித்து, “அப்பவே சொன்னனாங்கள்” என்றீர்கள்! அம்மா கிடத்தப்பட்டிருந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி நின்று ஒருவர், “இந்த வயசிலை விளையாட்டுக் கேட்குதே” என்றார். எனக்குக் கேட்டது. பிறகு அந்தியேட்டி மலர் வந்தது. “தலைச்சுற்றினால் துவிச்சக்கரவண்டியிலிருந்து தவறி விழுந்து இறைபதம் எய்தினார்.”

அந்தியேட்டிக்கு அடுத்த நாள் ஷரீனா அன்ரி அந்த மலரைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நாலு மாடியும் ஏறி வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“மகள், இது யாரு எழுதின? ஒங்கட அம்மா விழல்ல. ஓரமாத்தான் போன. வேன்காரன் பின்னுக்கு வந்து அடிச்ச. நான் பத்தடி பின்னுக்கு, கண்ணால கண்ட. போனப் பாத்துக்கிட்டே வந்தான். பொலிஸுக்கும் சொன்ன. வீட்டாக்களே தலைசுத்துன்னு சொல்றாங்களே, நீங்க யாருன்னு கேட்டாங்க.”

அன்று பின்னேரமே இருவரும் பொலிஸுக்குப் போனோம். மாமாவும் நானும் சொன்னது உண்மையில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். குடும்ப வைத்தியர் பத்து வருடப் பதிவுகளை எடுத்துத் தந்தார். தலைச்சுற்று என்று ஒரு வரிகூட அதில் இல்லை. “உங்கடை மாமாவிலும் பார்க்க அம்மா சுகமாய் இருந்தவ” என்றார்.

விஷயம் தெரிந்த அன்றைக்கே மாமா வந்தார்.

“வேன்காரனை உள்ளுக்குப் போட்டால் கொம்மா திரும்பி வருவாவோ?”

“வரமாட்டா மாமா. ஆனா விழாத மனிசியை விழுந்தவ எண்டு எழுதினது நீங்கள்.”

“கோட்டிலை அவன்ரை லோயர் கேப்பான். அறுபது வயசு விதவை, விடியக்காலமை சைக்கிளிலை கொட்டாஞ்சேனையிலை என்ன செய்தவ எண்டு. என்ன சொல்லுவாய்?”

“இடியப்பம் சாப்பிட்டவ எண்டு சொல்லுவன்.”

மாமாவுக்குப் பயம் வேனைப் பற்றியதல்ல, வழக்கைப் பற்றியதுமல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன் தங்கை சந்தோஷமாக இருந்த இடம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அந்தச் சந்தோஷத்தை வருத்தமாக மாற்றி எழுதினால்தான் அவருக்கு மானம் மிஞ்சும்.

புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஏழு தவணை போனோம். ஒவ்வொரு தவணைக்கும் ஷரீனா அன்ரி தையலை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்தார். உறவினர் ஒருவரும் வரவில்லை. சாட்சிக் கூண்டில் அன்ரியிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மாமா சொன்ன கேள்வியையே கேட்டார்: அந்த நேரத்தில் அங்கே உங்களுக்கு என்ன வேலை? அன்ரி சிங்களத்தில் பதில் சொன்னார்: “வேலை ஒன்றுமில்லை சேர். வாரம் முழுக்க வேலைதான். அது எங்கள் விளையாட்டு நேரம்.” நீதவான் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த தவணையில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டார். எங்கள் அப்பாவின் வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். வெளியே வாசலில் என்னிடம் வந்து, தலையைக் குனிந்தபடி, “நான்தான் அடித்தேன், மகள். போனைப் பார்த்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார். மன்னிக்க எனக்கு முடியவில்லை. திரும்பி நடந்தேன். ஆனால் அவர் சொன்னார். அம்மாவைக் கொன்ற மனிதர் என் முகத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்னார். அம்மாவோடு ஒரு வயிற்றில் பிறந்தவர் இன்றுவரை சொல்லவில்லை.

அம்மாவின் குணம் பற்றி எழுதும்போது பொறுமை, அடக்கம், தியாகம் என்றெல்லாம் முதலாவது மலரில் எழுதியிருந்தார்கள். அம்மா பொறுமையானவர் அல்ல. கோபக்காரி. அந்தக் கோபத்தோடு எட்டு வருடம் ஒரு நோயாளியை ஒரு புண்கூட வராமல் பார்த்தார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நாளில் ஒரு மணித்தியாலமும் கொஞ்சக் கடல்காற்றும். அதைத்தான் நீங்கள் மென்று மென்று கதைத்தீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். அம்மாவை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்ன வைத்தியருக்கு. அப்பாவை எட்டு வருடம் பகலில் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு. வழக்கை விடு என்று முதலில் சொல்லி, பதிவுகளை வாசித்தபின் விடாதே என்று சொன்ன அண்ணாவுக்கு. அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்த அந்த இரண்டு சிங்கள அக்காமாருக்கு. என் அம்மாவின் உண்மைக்கு எங்கள் எல்லோரையும்விடப் பக்கத்தில் நின்ற ஷரீனா அன்ரிக்கு. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், அன்று தலையாட்டியதற்காக.

பெரியமாமாவுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குப் படைக்கும் சோற்றில் அவருக்கும் பங்கு உண்டு. அதை நான் மறிக்க மாட்டேன். ஆனால் இலைக்கு முன்னால் இருப்பதற்கு முதல், எல்லோருக்கும் கேட்கும்படி, “நான் பொய் சொன்னனான்” என்று சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஷரீனா அன்ரிக்குச் சொல்ல வேண்டும். அன்ரி பத்து மணிக்கே வந்துவிடுவார்.

மகள்
வெள்ளவத்தை