அத்தான் மாற்றாத விலாசம்

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், வீடு வீடாகப் போய் இன்டர்நெட் போன் மாட்டிக்கொடுப்பவர். வேலை சுத்தம். ஆனால் ஒயர் செருகுகிற கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. இன்னும் லேண்ட்லைன் வைத்திருப்பவர்களைக் கண்டால் அவருக்கு அப்படியொரு பரிதாபம். "இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். போனை மாட்டி முடித்ததும் வீட்டுக்காரரை உட்காரவைத்துச் சொல்வார்: "வீடு மாறினா கம்பெனியில விலாசத்தை மாத்திடுங்க. அவசரத்துக்குக் கூப்பிட்டா, அங்க பதிஞ்சிருக்கிற விலாசத்துக்குத்தான் வண்டி போகும். லேண்ட்லைன் மாதிரி இது ஒரே வீட்டோட கட்டிப்போட்டது இல்ல." இதைச் சொல்லாமல் அவர் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அக்காவுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் ஒரு வார்த்தை பேச வராது. போன வருடம் வேறு வீட்டுக்குக் குடிபோனபோது, "ஒரு லேண்ட்லைன் போட்டுடலாங்க, எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றாள். அத்தான் சிரித்தார்.

"என் பொண்டாட்டியே இப்படிச் சொன்னா நான் வெளியில எப்படித் தலைகாட்டுறது?"

போன் பெட்டியைக் கொண்டுபோய்ப் புது வீட்டில் செருகினார். பழைய நம்பரே மணியடித்தது. அந்தப் பெருமையில் அன்று முழுக்க அவர் கால் தரையில் படவில்லை. விலாசத்தை மாற்ற வேண்டும் என்பதை எங்கள் வீட்டு மாப்பிள்ளை சுத்தமாக மறந்துபோனார்.

ஒரு மத்தியானம், அக்கா தனியாக இருந்தபோது இழுப்பு வந்தது. மருந்தை உறிஞ்சியும் அடங்கவில்லை. செல்போன் உள்ளறையில் கிடந்தது. கைக்கு எட்டியது இந்த போன்தான். அவசர எண்ணை அழுத்தினாள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் மூச்சிரைப்புதான் பதில். நிலைமை புரிந்து, திரையில் தெரிந்த விலாசத்துக்கு ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டார்கள். அது பழைய வீடு.

அங்கே இப்போது குடியிருப்பவர் ஒரு தையல்காரம்மா. அக்காவுக்குத் துணி தைப்பதும் அவர்தான். "இங்க யாருக்கும் ஒண்ணுமில்லையே" என்று கதவைச் சாத்தப் போனவர், "மூச்சு விட முடியாம ஒரு அம்மா கூப்பிட்டாங்க" என்று டிரைவர் சொன்னதும் நின்றுவிட்டார்.

"அய்யோ, அது முன்னாடி இருந்தவங்க. எனக்கு வீடு தெரியும், வாங்க."

கழுத்தில் இன்ச் டேப் தொங்க, அப்படியே வண்டியில் ஏறிவிட்டார். அந்த அம்மா மட்டும் அன்று கடைக்குக் கிடைக்குப் போயிருந்தால்?

சேதி கேட்டு அத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். சேதி போன நேரத்திலும் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவரை உட்காரவைத்து அந்த விலாச உபதேசத்தைத்தான் செய்துகொண்டிருந்தாராம். முகத்தில் ஈயாடவில்லை.

"ஊருக்கே சொல்வீங்களே, அத்தான்" என்றேன்.

நர்ஸ் வந்து அக்காவின் விலாசம் கேட்டார். அத்தான் கதவு எண், தெரு எல்லாம் கடகடவென்று ஒப்பித்தார். பழைய வீட்டு விலாசம்.

கட்டிலில் கிடந்த அக்கா மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்க வாங்கப் புது வீட்டு விலாசத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அத்தான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.