அதிமதுரமும் தேனும்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா முப்பது வருஷம் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். அதில் பாதி அவர் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன்.

அப்பா பிடிவாதக்காரர். கள், சாராயம், அபின் மூன்றையும் தொடுவதில்லை என்று தேவாலயத்தில் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர். தான் செய்தது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் நின்று வருகிறவன் போகிறவனையெல்லாம் சத்தியம் செய்யச் சொல்வார். கடைக்காரன் அவரைக் கண்டாலே தலையில் அடித்துக்கொள்வான்.

டாக்டர் அவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இது குணமாகாது, இருமலையாவது அடக்கலாம் என்றார். அவர் எழுதிக் கொடுத்த மருந்தை நான்தான் கலந்தேன். சாராயத்தில் ஊறிய அபின் அது. அப்பாவிடம், "அதிமதுரமும் தேனும்பா" என்று கூசாமல் சொன்னேன். விலா நோக இருமிக்கொண்டிருந்த மனிதர் அன்று மத்தியானமே அயர்ந்து தூங்கினார். ஒரு வாரத்தில் சோறு இறங்கியது. அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படவில்லை.

பக்கத்து வீட்டில் தண்டவாள வேலை செய்கிறவர் ஒருவர் இருந்தார். சம்பளத்தையெல்லாம் சாராயத்தில் கரைத்தவர், அப்பாவின் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இருமினார். அப்பா தன் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி, "குடி, என் மவன் கலந்தது" என்று பெருமையாக நீட்டினார்.

வாயருகே கொண்டுபோனவர் நின்றுவிட்டார். முகர்ந்து பார்த்தார்.

"ஐயா, இதுல சாராயம் இருக்கு. எனக்கு வேணாம்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஏண்டா, மெய்தானா?" என்று அப்பா என்னைக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார்.

இரண்டே நாளில் இருமல் திரும்பியது. நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "அது மருந்துப்பா. டாக்டர் எழுதினது."

"மருந்துன்னு அவனுக்குந்தான் தெரியும். தெரிஞ்சும் கீழ வச்சான். நான் குடிச்சிட்டு அவன் மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

ஏழு வாரம் இருமி இருமியே செத்தார். அத்தனை நாளும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நான் மனதாரச் சபித்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கித் தொலைத்திருந்தால் என் அப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போயிருப்பார். அடக்கத்துக்கு அவர் குடிக்காமல்தான் வந்தார். அதற்காகவும் கோபப்பட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு காலி பாட்டில் நீண்டது. அவர்தான். இளைத்திருந்தார், இருமினார்.

"தம்பி, அது இல்லாம கலந்து குடுங்க."

அதிமதுரத்தைக் காய்ச்சி வடிகட்டித் தேன் விட்டேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.

"இதுக்கு இருமல் நிக்காதுண்ணே."

"பரவால்ல தம்பி."

பாட்டிலை வாங்கியவர் மூடியைத் திறந்து, என் கண்ணெதிரிலேயே முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.