ஊசிக்குப் பயம் போன கதை

ஊசி என்று அவளுக்குப் பெயர் வைத்தது பள்ளிக்கூடம். ஆள் அவ்வளவு ஒல்லி. அப்பா எலக்ட்ரீஷியன். வேலைக்குப் போன ஒரு வீட்டில், சாமான்களை ஏறக்கட்டும்போது, "வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று அவர் கையில் ஒரு பழைய கிளாரினெட்டைத் திணித்தார்கள். ஸ்க்ரூடிரைவரும் எண்ணெயுமாக இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டி அதன் விசைகளை எல்லாம் சரிசெய்து மகளிடம் கொடுத்தார். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவள் பாட்டுக்கு ஊதுவாள். ரேடியோவில் கேட்டதெல்லாம் அச்சு அசலாக வரும். ஆனால் யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் போச்சு. உதடு காய்ந்துவிடும், தாடை இறுகிவிடும். கிளாரினெட்டைப் பல்லால் கடித்தால் அது சும்மா இருக்காது. கதவிடுக்கில் வால் மாட்டிய எலி மாதிரி கீச்சென்று கத்தும்.

பதினைந்து வயதில் ஊரின் இளையோர் வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். அப்பாதான் பிடித்துத் தள்ளினார்.

"குழுவை நடத்துறவரைக் கண்டக்டர்னுதான் சொல்வாங்களாம். டிக்கெட் கேட்டா மட்டும் எனக்கு ஆள் அனுப்பு" என்று வாசல்வரை சிரிக்கவைத்துக் கூட்டிப்போனார்.

உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது. குளியலறைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். குழுவை நடத்துகிறவர் கையில் எப்போதும் ஒரு மெல்லிய குச்சி இருக்கும். பிள்ளைகள் அவரைக் கோல்காரர் என்பார்கள். அவள் கிளாரினெட்டை எடுக்காமலே நிற்பதைப் பார்த்துவிட்டு, "அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்க. இப்ப ஊது" என்றார். ஊதினாள். ஒரு பிசிறு இல்லை.

"சேர்த்துக்கறேன். ஆனா கச்சேரியில சுவரைப் பார்த்து உட்கார முடியாது" என்றார் அவர்.

சனிக்கிழமை மதியம்தோறும் மரச்சாமான் கிடங்குக்கு மேலே இருந்த கூடத்தில் ஒத்திகை. நாற்பது பேர். வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைக்கும். ஊசியைக் கிளாரினெட் வரிசையில், சோடாபுட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். மூன்று வயது மூத்தவள். அப்பா கிடையாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. சொந்த வாத்தியம் வாங்க வழியில்லாமல் குழுவின் கிளாரினெட்டைத்தான் வாசித்தாள். ஆனால் அதை அவள் துடைத்துவைக்கும் அழகைப் பார்த்தால் அவளுக்கே எழுதிக்கொடுத்தது போல இருக்கும். குழுவிலேயே நன்றாக வாசிப்பவளும் அவள்தான்.

முதல் மூன்று வாரமும் ஊசி வாயில் வாத்தியத்தை வைத்தாள், விரலை அசைத்தாள், கன்னத்தை உப்பினாள். காற்றை மட்டும் விடவே இல்லை. நாலாவது வாரம் இடைவேளையில் சோடாபுட்டி அவளைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நீ ஊதவே இல்லதானே?"

ஊசிக்கு அழுகை முட்டியது. "கீச்சுனு வந்துடும்க்கா. எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க."

"பார்த்தா என்ன? சரி, ஒண்ணு பண்ணு. தப்பு வந்தா நான்தான்னு கை தூக்கறேன். அவருக்கு என்னை ரெண்டு வருஷமா தெரியும். ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டுடுவாரு. நீ தைரியமா ஊது."

அன்று ஊசி ஊதினாள். ஐந்தாவது நிமிடமே கீச். கோல்காரரின் குச்சி நின்றது. "யாரது?" சோடாபுட்டி கை தூக்கினாள். "நான்தான் சார்." அவர் முறைத்தார். "கண்ணாடியை மாத்து. நோட்ஸ் தெரியலையா?" எல்லோரும் சிரித்தார்கள். சோடாபுட்டியும் சிரித்தாள். ஊசிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. தப்பு செய்தாயிற்று, வானம் இடிந்து விழவில்லை.

அப்புறம் வாராவாரம் இதே கதைதான். கீச், "யாரது?", பக்கத்திலிருந்து ஒரு கை. ஆறு மாதத்தில் ஊசியின் பயம் காய்ச்சல் விட்டது மாதிரி விட்டுப் போய்விட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்காரக் கற்றுக்கொண்டாள், பின்வரிசைப் பையன்களோடு வாயடிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போதும் எப்போதாவது கீச் வரும். அது பயத்தால் அல்ல, அசட்டையால். அதற்கும் சோடாபுட்டியின் கைதான் எழுந்தது. திட்டு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. "உனக்கு என்ன ஆச்சு? போன வருஷம் இப்படி இல்லையே" என்று கோல்காரர் ஒருநாள் குச்சியையே விட்டெறிந்தார்.

ஆண்டுக் கச்சேரிக்கு இரண்டு வாரம் இருந்தபோது சோடாபுட்டி அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை இசைக் கல்லூரியிலேர்ந்து ஒருத்தர் ஒத்திகை பார்க்க வர்றாரு. இலவச இடம் ஒண்ணு இருக்காம். என்னோட தனி வாசிப்பைக் கேட்கத்தான் வர்றாரு. அன்னைக்கு மட்டும் என்னால கை தூக்க முடியாது. பார்த்து ஊது, என்ன?"

"சரிக்கா" என்றாள் ஊசி. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை கல்லூரிக்காரர் கடைசி நாற்காலியில் மடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். சோடாபுட்டி தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தாள். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில், தனி வாசிப்புக்குச் சற்று முன்னால், எல்லோரும் ஒலியைத் தணிக்க வேண்டிய இடத்தில், கீச்.

குச்சி நின்றது. "யாரது?"

சோடாபுட்டி கை தூக்கவில்லை. நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். 'நான்தான் சார்.' இரண்டே வார்த்தை. ஊசியின் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவள் தலை தானாகப் பக்கவாட்டில் திரும்பி, சோடாபுட்டியைப் பார்த்தது. ஆறு மாதப் பழக்கம் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். பழக்கம் இல்லை. அந்த நேரத்தில் அப்படிப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவள் பார்வை போன வழியில் எல்லாத் தலைகளும் போயின.

"சார், இன்னைக்கு நான் இல்ல" என்றாள் சோடாபுட்டி.

"ஆறு மாசமா நீதானே?" என்றார் கோல்காரர். "வந்தவர் முன்னாடியும் மானத்தை வாங்கணுமா? எழுந்திரு. தனி வாசிப்பை ஊசி வாசிக்கட்டும்."

சோடாபுட்டி ஊசியைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான். பிறகு எழுந்து வெளியே போனாள்.

ஊசி வாசித்தாள். தாடை இறுகவில்லை, உதடு காயவில்லை. அப்படி ஒரு வாசிப்பு அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. கல்லூரிக்காரர் அவள் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டார். "மூணு வருஷம் கழிச்சு வாம்மா" என்றார். கச்சேரி அன்று அப்பா முதல் வரிசையில் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினார். சோடாபுட்டி வரவில்லை. குழுவின் கிளாரினெட் பெட்டிக்குள் பளபளவென்று துடைக்கப்பட்டு அலுவலக மேசைக்குத் திரும்பி வந்திருந்தது.

அம்மாவோடு அவளும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, அவளைப் பார்க்க ஊசி மூன்று தடவை சலவைக்கூடத்தின் வாசல்வரை போனாள். மூன்று தடவையும் திரும்பி வந்தாள். நாற்பது பேர் முன்னால் ஊதத் துணிந்தவளுக்கு ஒருத்தி முன்னால் போய் நிற்கத் துணிவில்லை. பதினெட்டு வயதில் கல்லூரி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்துவிட்டு, தபால் அலுவலகத்தில் பார்சல் எடைபோடும் வேலைக்குப் போய்விட்டாள். ஏன் என்று அப்பா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். பெரியவர்களின் குழுவில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வரும் பிள்ளைகள், "உங்களுக்குப் பயம் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "பழகப் பழகப் போயிடும்" என்பாள்.

அவளுக்கு நாற்பத்துமூன்று வயதானபோது அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு காலையில் துவைத்த விரிப்புகளை அடுக்கிய தள்ளுவண்டியோடு ஒரு பெண் வார்டுக்குள் வந்தாள். கண்ணாடி இன்னும் தடித்திருந்தது. இருவருக்கும் உடனே அடையாளம் தெரிந்தது.

"அக்கா."

"ம். தள்ளு, ஷீட் மாத்தணும்."

ஆளுக்கொரு பக்கம் நின்று அப்பாவை மெல்லப் புரட்டினார்கள். அப்பாவுக்கு வலி மருந்து கொடுத்த உற்சாகம். "என் பொண்ணும்மா. கிளாரினெட்ல முதல் இடம் இவளுக்குத்தான்" என்றார்.

"அப்படியா ஐயா?"

"பதினஞ்சு வயசுல ஒரு கச்சேரி வாசிச்சா பாரு, தனியா! நீ கேட்டிருக்கணும்."

"எனக்கு அன்னைக்கு வேலை இருந்தது" என்றாள் சோடாபுட்டி, விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகியபடி.

ஊசி வண்டிக்குப் பின்னாலேயே தாழ்வாரத்துக்கு ஓடினாள். "அக்கா, அன்னைக்கு அது நான்தான். சொல்லியிருக்கணும். இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"யாருகிட்ட? கோல்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு."

"குழுவுல இருக்கறவங்ககிட்ட. அப்பாகிட்ட."

சோடாபுட்டி வண்டியை நிறுத்தினாள். "எதுக்கு? சொன்னா உன் பாரம் இறங்கும். எனக்கு என்ன கிடைக்கும்? அந்தக் கிழவர் ஒரு சந்தோஷத்தை வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு, அதையும் பிடுங்குவியா?"

"அப்போ நான் என்னக்கா பண்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாள் விரிப்பு மாற்ற வேறொரு பெண் வந்தாள். ஊசி விசாரித்தாள்.

"அக்கா இனிமே இந்த வார்டுக்கு வரமாட்டாங்க. அவங்களா கேட்டு மாத்திக்கிட்டாங்க" என்றாள் அவள். "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க."

ஊசி பிடித்தாள்.