அவர் கொடுக்காத வலைத்துண்டு

திருச்சபையில் ஒரு பொய்க்கு வாய்மூடி இருந்தவன் நான். அதனால் இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

புண்மேல் வைக்கும் பிளாஸ்டிக் வலையை உடம்பு ஏற்கும்படி அதன்மேல் பூசப் பிசின் தேடிக் கல்வராயன் மலைக்கு வந்த ஆராய்ச்சியாளர், எங்கள் வீட்டில் தங்கினார். எதைத் தொடுமுன்னும் முழங்கைவரை கழுவுவார். அந்த வலைமேல் புதுத்தோல் வளருமாம்.

வெல்லப்பாகில் வெந்த என் மகளின் கால் ஆறவில்லை.

“சார், புள்ள படற பாடு தாங்கலீங்க. ஒரு துண்டு குடுங்க, ஜெபம் பண்ணிக்கினு கட்டிடறோம்.”

“எலி உடம்பே இன்னும் ஒத்துக்கலைங்க. ஜெபம் பண்ணுங்க, வலையக் கேக்காதீங்க.”

கண் கலங்கியவர், மறுநாள் அவளை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். அங்கேதான் ஆறியது. சபையார் அவர் கொடுத்த வலையால் ஆறியது என்றார்கள், நான் மறுக்கவில்லை.

யாரிடம் சொன்னாலும் மாற்றாமல் சொல்லுங்கள்: நான் கேட்டேன், அவர் கொடுக்கவில்லை.