வியாழக்கிழமை நீட்டிய கால்

தெம்பனிஸ் அடுக்குமாடியில் இரண்டறை வீட்டில் தனியாக இருக்கும் அருளப்பனுக்கு அறுபத்து நான்கு வயது. கிராஞ்சி நாற்றுப்பண்ணைக்கு முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் வலது காலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரமே வீட்டில் மனைவி சலேத்தம்மாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை.

அதன்பின் இரண்டு வருஷமாக அவர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, பூசையில் நன்மை அப்பம் வாங்கவில்லை. ஆனாலும் இந்தத் தவக்காலத்தில் வெள்ளிதோறும் பஸ் ஏறிச் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போனார். முட்டிபோட முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாரும் கஞ்சி குடிக்கக் கூடுமுன் கிளம்பிவிடுவார்.

ஒரு வெள்ளியன்று கோயில் பொறுப்பாளர் பெலிக்ஸ் வாசலில் மறித்தார்.

"அண்ணே, பெரிய வியாழன் பூசையில சாமியார் பாதம் கழுவுற பன்னிரண்டு பேர்ல ஒரு ஆள் குறையுது. நீங்க வரணும்."

"என் காலப் பாத்தா சனம் முகத்தைத் திருப்பிக்கும்லா."

"கால்தானே அண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க."

பாவத்தோடு போய் அங்கே உட்காரலாமா என்ற யோசனை அவரை அரித்தது. மறுவாரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொல்லிவிட்டார்: "சாமி, கடவுள்மேல எனக்குக் கோபம். அவளைத் தனியா சாக விட்டுட்டாரு."



"அதை அவர்கிட்டயே சொல்லிச் சண்டை போடுங்க," என்றார் சாமியார். "அதுவும் செபந்தான்."

வியாழனன்று மற்ற பதினொரு பேரும் வலது காலை நீட்டினார்கள். இடது காலைக் காட்டிச் சமாளிக்கத்தான் அருளப்பன் வந்திருந்தார். இடது காலுறையைக் கழற்றக் குனிந்தவர் என்ன நினைத்தாரோ, வலது காலுறையை உருவினார். சாமியார் தண்ணீர் ஊற்றினார். மரத்துப்போன கால், சூடா குளிர்ச்சியா, தெரியவில்லை. விரலில்லாத இடத்தைத் துண்டு துடைப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மருந்து கட்டும் நர்ஸைத் தவிர வேறு யாரும் தொடாத கால். சாமியார் அதைக் குனிந்து முத்தமிட்டபோது அருளப்பன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஈஸ்டர் பூசையில் நன்மை வாங்கினார். 'எனக்கு இன்னும் கோபம் தீரல,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் வாங்கினார். முடிந்ததும் தேக்கா அங்காடிச் சாப்பாட்டுக் கடையில் பிரியாணி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கையில் தட்டோடு ஒருவர் எதிர் நாற்காலியைக் காட்டி, "யாரும் வராங்களா அண்ணே?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல," என்ற அருளப்பன், தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். "உக்காருங்க."