ஒரு தட்டு, ஒரு மாத்திரை அட்டை

விடுதியில் சமைக்கிறவளுக்குப் பிள்ளைகளின் வயிறுதான் தெரியும். மற்றதெல்லாம் யாராவது சொல்ல வேண்டும். பர்மாவில், லான்மடா பேட்டையில் எங்கள் பெண்கள் விடுதியில் துணி துவைக்கும் டோ மியாதான், போன மழைக்காலத் தொடக்கத்தில், இந்த விஷயத்தை எனக்கு முதலில் சொன்னார். ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற உங்களுக்கும் இது புரியும்.

நாலு கை

மேல்மாடி அறையில் நாலு கல்லூரிப் பெண்கள். அக்கா, தங்கை என்றே கூப்பிட்டுக்கொள்ளும் செட்டு. அங்கே சேர்ந்தால் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. லப்பெட் என்கிற ஊறவைத்த தேயிலைத் தட்டு நடுவில் இருக்கும், நாலு கையும் அதில் இருக்கும். யமினுக்கு மனப்பதற்றம், தினம் சாப்பிட டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். பரீட்சை பயம் வந்ததும் மற்ற மூவரும் அதிலும் பங்கு கேட்டார்கள். குப்பையில் கிடந்த வெறும் அட்டைகளைக் காட்டி டோ மியா சொன்னார்: "சீக்கு ஒருத்திக்கு, மருந்து நாலு பேருக்கு."

சோற்றில் தூக்கம்

அந்த அறைக்குப் பெரியவள் செல்வி, நம் தமிழ்ப் பிள்ளை. சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுந்தாள். விடுதிக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் நாலு பேரையும் கூப்பிட்டு அதட்டினார். இனிமேல் இல்லை என்று தலையாட்டினார்கள். மறுவாரமும் அதே தூக்கம். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, அது உனக்கு எழுதினதில்லையேம்மா என்று மெதுவாகக் கேட்டேன். சிரித்தாள். "டாக்டர் கொடுத்த மருந்துதானே ஆன்டி, கஞ்சாவா?"

பரீட்சைக் காலை

யமினுக்கு ஒரு மாதத்துக்குக் கொடுத்தது பாதியிலேயே தீர்ந்துபோனது. திட்டுவார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை. பரீட்சைக்குக் கிளம்புகிற காலையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். வாங்கும்போதே கிண்ணம் விழுந்தது, அப்புறம் அவளே விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

திடீரென்று மருந்தை நிறுத்தினதால் வந்த வலிப்பு என்றார் டாக்டர். பங்கு போட்ட கதையை நான் சொன்னேன்; அவள் தெளிந்ததும், எதற்கம்மா எல்லாருக்கும் கொடுத்தாய் என்று கேட்டார். பர்மாக்காரர்கள் ஆனாடே என்பார்களே, அடுத்தவர் மனம் நோகுமே என்று மறுக்க முடியாத கூச்சம், அதைத்தான் அவளும் சொன்னாள்: "அக்கா கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல ஆனாடே."

மறுநாளே அவள் அம்மா வந்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்.

பங்கு வாங்கின மூன்று பேரும் பதற்றமில்லாமல் பரீட்சை எழுதினார்கள், மருந்துக்குச் சொந்தக்காரி மட்டும் எழுதவில்லை. இன்றைக்கு விளக்கேற்றும்போது யமின் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.