ஒரு சாண் ஆழத்தில் ஒரு கூட்டுப்புழு

என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தின் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ ஏதோ ஒரு காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ஒரு பக்கம் கோழிப்பண்ணையும் மறுபக்கம் எள்ளுக்காடுமாக இருக்கிற வீட்டில் நான் ஒருத்திதான். எங்கள் பக்கத்தில் இது புதுமையில்லை. ஆண்பிள்ளைகள் ரிக்கோடு போன வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அந்த வீடுகளில் மாமியார் இருப்பார், பிள்ளைகள் இருக்கும், சண்டை போடவாவது ஓர் ஆள் இருக்கும். எனக்கு அதற்கும் வழியில்லை.

தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும். சாப்பிட்டாயா என்பார். ஆச்சு என்பேன். இன்றைக்கு எத்தனை அடி போனது, பாறை வந்ததா, தண்ணீர் வந்ததா என்று சொல்வார். பிறகு, “அங்க என்ன சேதி?” என்று கேட்பார். “ஒண்ணுமில்லீங்க” என்பேன். பொய்யில்லை, உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைச் சொல்லிச் சொல்லியே பல வருடங்கள் ஓடிவிட்டன.

ஒரு நாள் எள்ளுக்காட்டு அக்கா களை எடுக்கும்போது ஒரு புழுவைக் குச்சியால் தூக்கி வரப்பில் போட்டார். விரல் தடிமன், நல்ல பச்சை, பக்கவாட்டில் சாய்வாகக் கோடுகள், வால் பக்கம் சுருண்ட ஒரு கொம்பு. மிதிக்கப் போனவரைத் தடுத்து அதை ஓர் எள்ளு இலையோடு எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பூச்சி பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இது பருந்து அந்துப்பூச்சி வகை, வளர்ந்து பூச்சியானால் முதுகில் மண்டை ஓடு போல ஓர் உருவம் இருக்கும், முட்டையிலிருந்து இறக்கை வரை ஒவ்வொரு கட்டத்தையும் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று அங்கே கேட்டார்கள். என்னிடம் ஒருவர் ஒரு வேலையைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அது லேசுப்பட்ட காரியமில்லை. எள்ளுச் செடியில் இலைக்கு அடியில் முட்டை தேட வேண்டும். பொரிந்து வரும் குஞ்சுப் புழு நூல் கனம்கூட இருக்காது. அதற்குத் தினமும் புது இலை, அதுவும் மருந்து அடிக்காத இலையாக இருக்க வேண்டும். தோல் உரிக்கும் சமயத்தில் தின்னாமல் அசையாமல் கிடக்கும், அப்போது தொடக் கூடாது. நான் பண்ணுகிற கூத்தைப் பார்த்து எள்ளுக்காட்டு அக்கா, “ஏஞ்சாமி, நாங்க புழுவக் கொல்றதுக்கு மருந்து வாங்கறோம், நீ சோறு போட்டு வளக்கறயா?” என்றார். ஆனாலும் வரப்போரம் ஒரு பாத்தியில் மருந்து படாமல் எனக்காக விட்டுவைத்தார்.

முதலில் வளர்த்தவை எல்லாம் வீணாகப் போயின. நன்றாகக் கொழுத்த புழுவின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புழுக்கள் வெளியே வந்தன. கோழிப்பண்ணை ஈயின் வேலைதான் என்று பண்ணைக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். புழுவின் மேல் முட்டையிட்டு அதையே தின்று வளரும் வேறு ஈ அது என்று குழுவில் சொன்னார்கள். பண்ணைக்காரர்கள் மேலிருந்த கோபம் அப்புறமும் போகவில்லை என்பது வேறு விஷயம். அடுத்து வளர்த்தது மண்ணுக்குள் போகிற நேரத்தில் போதிய மண் இல்லாமல் மேலேயே சுருண்டு செத்தது. அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுதேன். ஒரு புழுவுக்காக அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

கணவரிடம் போனில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார். “பொழப்பத்த வேலை” என்றார். பிறகு, தன் வேலையில் கேட்கிற அதே தோரணையில், “எத்தனை அடி ஆழத்துல எறங்கும்?” என்றார். “அடியா? ஒரு சாண்தானுங்க” என்றேன். “ஒரு சாண்தானா” என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுத் தன் பாறைக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் துளைக்கிற ஆழத்துக்கு முன்னால் என் சாண் எம்மாத்திரம்? ஆனால் என் நாள் முழுவதும் அந்த ஒரு சாணுக்குள்தான் இருந்தது. அதை அவர் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். படம் அனுப்பினால் கட்டைவிரல் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நேரில் நின்று, அந்தப் பூச்சி வெளியே வருவதைப் பார்த்தால்தான் நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குப் புரியும். அதைத் தவிர வேறெதுவும் நான் அவரிடம் கேட்கவில்லை.

வடக்கே மழை பிடித்துவிட்டால் ரிக் ஓடாது. அந்த ஆவணியில் இவர் வீட்டுக்கு வந்தபோது, கடைசியாகப் பிழைத்த ஒரே புழு நிறம் மங்கி, இலையை விட்டு இறங்கி, வாளி மண்ணுக்குள் போயிருந்தது. கணக்குப்படி அவர் இருக்கும்போதே பூச்சி வந்துவிட வேண்டும். வாளியைக் கொசுவலைத் துணியால் மூடி மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். “உசிரோட இருக்குமாங்க?” என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் என்னோடு வந்து குனிந்து பார்ப்பார். ஓர் ஆள் பக்கத்தில் நின்று அந்த மண்ணைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஜேடர்பாளையத்தில் ஒரு சீர் விசேஷத்துக்கு நான் மட்டும் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். வாளிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு நட்டுக்கொண்டு நின்றது.

“என்னுங்க இது?”

“கேசிங் எறக்கினேன்” என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. துளை போடும்போது மேல்மண் சரியாமல் இருக்க முதலில் குழாய் இறக்குவார்களாம். அதே மாதிரி குழாயை அழுத்தி, உள்ளே இருந்த மண்ணைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, போன் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். “உசிரோடதான் இருக்குது புள்ள. செவச்செவன்னு இருக்குது, வாலை ஆட்டுச்சு. நீ கெடந்து தவிச்சயில்ல, அதான் பாத்துச் சொல்லலாமுன்னு.”

புழு மண்ணுக்குள் தன்னைச் சுற்றி ஓர் அறை கட்டி, அதன் சுவரை வழவழவென்று பூசி வைத்திருக்கும். குழாய் அந்தச் சுவரை இடித்துக்கொண்டு இறங்கியிருந்தது. ஒரு பக்கம் மண் சரிந்து கூட்டுப்புழுவின் மேலேயே விழுந்து கிடந்தது. “மண்ணைக் கண்டா உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாதா? எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்க” என்று கத்தினேன். கல்யாணமான நாள் முதல் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. சோறு போடுவேன், சாப்பிடுவார், அவ்வளவுதான். வடக்கே மழை விட்டது என்று தகவல் வந்து அவர் பையைக் கட்டியபோதும் வாளியில் ஓர் அசைவும் இல்லை. “வாரேன்” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் போன பிறகு வீடு முன்பைவிட மோசமாக இருந்தது. முன்பெல்லாம் வெறும் தனிமை. இப்போது கோபமும் சேர்ந்துகொண்டது. சாயங்காலப் போனில் அவர் அடிக்கணக்குச் சொன்னார், நான் உம் கொட்டினேன்.

ஒரு நாள் காலையில் கொசுவலைத் துணியில் பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. கரும்பழுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டைகள், முதுகில் அந்த மண்டை ஓடு. வலது பக்க இறக்கை விரிந்திருந்தது. இடது பக்கம் கசக்கிப் போட்ட துணியாகச் சுருங்கி, அப்படியே காய்ந்துவிட்டது. இனி அது பறக்காது. கையில் எடுக்கலாம் என்று தொட்டேன். கீச்சென்று கத்தியது. திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். பூச்சி கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வயிற்றெரிச்சலோடு அவருக்குப் போன் போட்டேன். திட்டுவதற்குத்தான் போட்டேன். அந்தப் பக்கம், துளைக்குள் காற்றடிக்கும் கம்ப்ரசரின் இரைச்சலில் ஒன்றுமே விளங்கவில்லை.

“பூச்சி வந்துருச்சுங்க. ஒரு றெக்கை வெளங்கல” என்று கத்தினேன்.

“செத்துப்போச்சா?”

“இல்லீங்க. உசிரோடதான் இருக்குது. தொட்டாக் கத்துது.”

“பூச்சி கத்துதா?”

“ஆமாங்க. எலிக்குஞ்சாட்டம்.”

“போனைக் கிட்டக் கொண்டு போ.”

“இந்த எரைச்சல்ல என்னத்தக் கேக்கும்?”

அவர் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. இரைச்சல் இறங்கி இறங்கி, நின்றே விட்டது. துளை ஓடும்போது கம்ப்ரசரை நிறுத்தினால் கல்லும் மண்ணும் உள்ளே இறங்கி, துளைக்கிற ராடு சிக்கிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாமல் போகலாம் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். தூரத்தில் ஒருவர் கோபமாகக் கத்திக்கொண்டிருந்தார். இவருடைய மேனேஜராக இருக்க வேண்டும்.

போனைப் பூச்சிக்குப் பக்கத்தில் வைத்துத் தொட்டேன். கத்தியது.

“இன்னொருக்கா” என்றார்.

மறுபடி தொட்டேன். மறுபடி கத்தியது. அவர் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“பொழுதன்னிக்கும் இதோடதான் இருக்கறயா, புள்ள?”

“ஆமாங்க” என்றேன். அவர் போனை வைக்கவில்லை. மேனேஜர் கத்திக்கொண்டே இருந்தார். கம்ப்ரசரை மறுபடி போடச் சொல்ல இவருக்கு வெகுநேரம் ஆனது.